வழியில் பிறந்த வடிவம்

தமிழில் நாடகம் பற்றி எப்போது பேச்சு எழுந்தாலும் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று, நமக்கு நாடக மரபு என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை, இருந்ததெல்லாம் வேஷம் போட்ட பாட்டுக் கச்சேரிதான் என்கிறது. மற்றது, சங்கரதாஸ் சுவாமிகள் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அந்தக் காலம் போல் வருமா என்று பெருமூச்சு விடுகிறது. முதல் குரல் வெகுகாலம் என்னுடையதாகவும் இருந்தது. கல்லூரியை விட்டு வந்த புதிதில் ஒரு கையெழுத்துப் பத்திரிகையில், ‘வள்ளி திருமணம்’ நாடகமே அல்ல, காட்சிக்கும் காட்சிக்கும் உறவில்லை, பாத்திரங்களுக்கு வளர்ச்சியில்லை என்று நாலு பக்கம் எழுதினேன். அந்த நாலு பக்கத்தை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது குரலோடு சேர்ந்துகொள்ளவும் என்னால் ஆகாது. இரண்டு குரல்களுமே ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. இந்தக் கலையை நடத்தியவர்கள் ஓரிடத்தில் தங்கி வாழ்ந்தவர்கள் அல்ல. அவர்களுடைய வாழ்வில் பாதி மேடையில் கழிந்தது என்றால் மறு பாதி வழியில் கழிந்தது. அந்த வழியை நீக்கிவிட்டு மேடையை மட்டும் மதிப்பிட முடியாது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இது படித்துத் தெரிந்துகொண்டது அல்ல, பார்த்தது. ஆனால் பார்த்தது விளங்க எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று.

சத்தியமங்கலத்தில் எங்கள் தெருக் கோயில் நோன்பிக்கு ஒரு வருஷம் தெற்கேயிருந்து நாடக செட் வந்தது. எனக்கு அப்போது பதினோரு வயது. என் தகப்பனார் நோன்பிக் கமிட்டியில் ஒருவர். இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் எடுத்தது, விடிய நாலரைக்குத்தான் வள்ளிக்கும் வேலனுக்கும் கல்யாணம். அந்த வள்ளி நாரதரோடு தர்க்கம் செய்தபோது ஜனம் கைதட்டி ஓய்ந்தது, மறுபடி தட்டியது. எங்கள் வீட்டுப் பெண்கள் பாயில் உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விடிந்த பிறகு தகப்பனார் டீக்கடைக்கு என்னையும் கூட்டிப் போனார். அங்கே அந்த வள்ளி நின்றுகொண்டிருந்தாள். அரிதாரம் கலைத்த முகம், காதோரத்தில் மட்டும் கொஞ்சம் ரோஸ் பவுடர் மிச்சம். சேலைத் தலைப்பை இழுத்துத் தோள் இரண்டையும் மூடியிருந்தாள். காலடியில் ஒரு தகரப் பெட்டி. ஈரோட்டு பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். பெஞ்சில் உட்காரப் போனவளிடம் கடைக்காரர், “அக்கட்டால போய் நில்லு அம்மிணி, ஆளுக வர்ற நேரம்” என்றார். இரவில் முன்வரிசையில் இருந்தவர்கள்தாம் அந்த ஆளுகள். என் தகப்பனாரும் ஒருவர். அவர் எதுவும் சொல்லவில்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனாள். நான் அவளைப் பார்க்காதது போல டீயை ஊதிக் குடித்தேன்.

இதை நான் இங்கே சொல்வது இரக்கம் காட்டுவதற்காக அல்ல. இரவின் நாடகத்துக்கும் காலையின் இந்தக் காட்சிக்கும் உள்ள உறவுதான் இந்தக் கலையின் இலக்கணம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

*

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எமனாகவும் இரணியனாகவும் சனீசுவரனாகவும் வேஷம் கட்டி, பிறகு ஆசிரியராக மாறியவர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களை மட்டும் கொண்ட கம்பெனி. ‘அபிமன்யு சுந்தரி’யை அவர் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் தி. க. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’யில் (1972) சொல்கிறார். இதை மேதைமைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். எனக்கு இது வேறொன்றைச் சொல்கிறது. ஒரே இரவில் எழுத வேண்டுமானால் சந்தமும் மெட்டும் சொல்லடுக்கும் முன்பே தலைக்குள் ஏறியிருக்க வேண்டும். ஊர் ஊராகப் போகிறவன் புத்தக அலமாரியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நினைவில் ஏற்றக்கூடியதை மட்டுமே அவன் கொண்டுபோக முடியும். நினைவில் நிற்பது பாட்டு. ஆகவேதான் இது பாட்டு நாடகம்.

படுதாக்களும் அப்படியே. தெரு, காடு, அரண்மனை, பூந்தோட்டம். இவற்றைச் சுருட்டினால் ஒரு மாட்டு வண்டியில் அடங்கும். இந்த நாலு படுதாக்களுக்குள் அரிச்சந்திரனும் கோவலனும் பவளக்கொடியும் சத்தியவானும் நடமாடியாக வேண்டும். பெரிய கம்பெனிகள் ரயில் நிற்கும் ஊர்களையே முதலில் நாடின. ஈரோடு, கோயமுத்தூர், பொள்ளாச்சி என்று போகும் வரிசையில் சத்தியமங்கலத்துக்கு இன்றுவரை ரயில் கிடையாது. இங்கே வருகிறவர்கள் கொண்டுவரும் சாமான் இன்னும் குறைவாக இருந்தாக வேண்டும். சாமான் குறையக் குறையக் குரலின் பாரம் கூடுகிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதால் உச்ச ஸ்தாயி வந்தது. எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலைப் பற்றி இன்றும் பேசுகிறோம். அந்தக் குரலின் உயரத்தை நிர்ணயித்ததில் திறந்தவெளிக்கும் கொட்டகைக்கும் பங்குண்டு என்பதை நாம் பேசுவதில்லை.

கம்பெனியிலாவது எல்லோரும் ஒரு வீட்டில் தங்கி, ஒரே வாத்தியாரிடம் பாடம் கற்றவர்கள். ஸ்பெஷல் நாடகத்தில் அதுவும் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூனும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் தனித்தனியே வந்து சேருவார்கள். அச்சாரம் வாங்கியதும் ஏஜெண்டு தேதியைச் சொல்லியிருப்பார், அவ்வளவுதான். முன்பின் சேர்ந்து நடித்திராதவர்கள் வேஷம் போடும் கீற்று மறைப்பில் சந்தித்துக்கொண்டு, ஒத்திகை ஏதுமின்றி இரவு முழுவதும் நடிக்கிறார்கள். நாரதரும் வள்ளியும் செய்யும் தர்க்கம் எந்தப் பிரதியிலும் எழுதி வைத்தது அல்ல. அவர் ஒரு விருத்தத்தை எடுத்தால் இவள் அதே சுருதியில் பதில் எடுக்க வேண்டும். தோற்றால் ஊர் முன்னால் தோற்பாள். நான் அன்று ‘காட்சிக்கும் காட்சிக்கும் உறவில்லை’ என்று எழுதியது அச்சிட்ட பிரதியை வைத்துக்கொண்டு. இதன் ஒருமை பிரதியில் இல்லை. ஒரு மொழி பேசுகிற இருவர் சந்தையில் சந்தித்துப் பேச முடிவது போல, ஒரே இலக்கணத்தைத் தெரிந்துவைத்திருக்கும் அந்நியர்கள் கூடி ஒரு இரவை உண்டாக்க முடிவதில் இருக்கிறது.

நாடக நோட்டீஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஊர்ப் பெயர் இருக்கும். வருஷத்தில் பெரும்பாதி தன் ஊரில் இல்லாதவர்களுக்குத்தான் பெயரோடு ஊரைக் கட்டிவைக்கும் தேவை வருகிறது போலும்.

ஆனால் இந்த இலக்கணமே அதன் தளையும் ஆயிற்று. ஒத்திகையின்றிக் கூடுகிறவர்கள் புது நாடகம் நடிக்க முடியாது. எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் நடிக்க முடியும். சுவாமிகள் மறைந்து நூறு வருஷம் கடந்த பிறகும் அதே வள்ளி, அதே அரிச்சந்திரன். ஒரு கலை நூறு வருஷம் உயிரோடிருப்பதும், நூறு வருஷம் அதே இடத்தில் நிற்பதும் ஒரே காரணத்தால் நிகழ்ந்தன. இதைச் சொல்லாத புகழ்ச்சி வெறும் மாலைதான்.

*

அடுத்து, இதற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பது. சண்முகம் சுவாமிகளின் சபையில் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. அவருடைய அண்ணன்மாரும் உடன் சேர்ந்தார்கள். 1925-ல் சகோதரர்கள் சொந்தமாக மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவை ஏற்படுத்தியபோது அவருக்குப் பதின்மூன்று முடியவில்லை. ‘எனது நாடக வாழ்க்கை’ நேர்மையான புத்தகம். கம்பெனி வீட்டுச் சாப்பாடு, வாத்தியார்மாரின் கோபம், வசூல், கடன், ஓடிப்போகும் பிள்ளைகள் எல்லாம் அந்த உலகில் அன்றாடம். அந்தப் புத்தகத்தைத் தகவல் களஞ்சியமாகத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறோம். அதன் வடிவத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அது ஊர் ஊராக நகரும் புத்தகம். ஓர் ஊரில் ஒரு துயரம் நேர்ந்தால் அதில் உட்கார்ந்துவிட நேரம் இல்லை, அடுத்த ஊரில் கொட்டகை போட்டாயிற்று. மூட்டை கட்டிக்கொண்டு வாக்கியமும் கிளம்பிவிடுகிறது. இதை ஆழமின்மை என்று ஒரு காலத்தில் நான் நினைத்தேன். ஆறு வயதிலிருந்து அப்படியே வாழ்ந்த ஒருவருடைய நினைவு வேறு எந்த விதமாக அமைய முடியும்?

கம்பெனிப் பிள்ளைகளின் காலத்தை அளந்தது வருஷக் கணக்கு அல்ல, தொண்டை. ‘மகரக்கட்டு’ என்பார்கள். பையன் பருவம் அடைந்து குரல் உடைகிற கட்டம். நேற்றுவரை ராஜபார்ட்டாகப் பாடியவன் இன்று சேவகனாக நிற்பான். உடைந்த குரல் மறுபடி கூடிவந்தால் அதிர்ஷ்டம். கூடாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதை எந்தச் சுயசரிதையும் எழுதவில்லை, ஏனெனில் சுயசரிதை எழுதுகிற இடத்துக்கு அவர்கள் வரவில்லை. எம். ஜி. ஆரும் சிவாஜி கணேசனும் எம். ஆர். ராதாவும் பாய்ஸ் கம்பெனியிலிருந்து வந்தவர்கள் என்று பட்டியல் போடுகிறோம். அந்தப் பட்டியலுக்கு வெளியே எத்தனை தொண்டைகள் உண்டு என்பதை எண்ணிப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

எங்கள் மலைக்கு மேலேயும் இதே கதைதான், வேறு பாஷையில். திம்பம் ஏறிப்போனால் தாளவாடிப் பக்கம் காஜனூர். அந்த ஊரைச் சேர்ந்த சிங்காநல்லூர் புட்டசாமய்யா கன்னட நாடக மேடையில் ராட்சச வேஷங்களுக்குப் பேர்போனவர். அவர் மகன் முத்துராஜ் 1929-ல் பிறந்து, பள்ளிக்கூடத்தைச் சின்ன வகுப்பிலேயே விட்டுவிட்டுத் தகப்பனோடு குப்பி வீரண்ணாவின் கம்பெனிக்குப் போனான். 1954-ல் ஏவி.எம். தொடர்பில் உருவான ‘பேடர கண்ணப்பா’வில் ராஜ்குமார் என்று புதுப்பெயர் பெற்றான். காளத்தி வேடனின் கதை இங்கே பெரியபுராணத்தில் இருப்பது. கன்னட மேடைக்குப் போய், அங்கிருந்து எங்கள் மலையில் பிறந்த ஒருவரின் உடம்பில் ஏறி, சென்னைக்குத் திரும்பி வந்தது. 2000 ஜூலையில் வீரப்பன் அவரைக் காஜனூரிலிருந்து கடத்திச் சென்றபோதுதான் இங்கே பலருக்கு அவர் நம் தாலுகாப் பக்கத்தவர் என்பதே தெரிந்தது. வழியில் போகிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பது அசம்பாவிதம் நேர்ந்தால்தான் நம் நினைவுக்கு வருகிறது.

*

பையன்களின் விஷயம் இப்படி. பெண்களுடையது வேறு. இங்கேதான் நான் கொடுமுடிக்கு வர வேண்டும்.

கே. பி. சுந்தராம்பாள் 1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். வறுமையில், ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியின் குரல் எஃப். ஜி. நடேசய்யர் காதில் விழுந்து, அங்கிருந்து வேலு நாயர் கம்பெனிக்குப் போன கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேடை கிடைப்பதற்கு முன்பே அவருக்கு வழி கிடைத்துவிட்டது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். இலங்கைக்குப் போய் மேடையேறினார். கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்ததும் அங்கேதான். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அன்றிலிருந்து வெள்ளைப் புடவை. ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்ற உறுதி. பிறகு எப்படி மேடைக்கும் திரைக்கும் திரும்பினார்? 1935-ல் நந்தனாராக, ஓர் ஆணாக. 1953-ல் ஔவையாராக, ஒரு கிழவியாக.

இதற்கு முன்பே, 1942-ல், சண்முகம் மேடையில் ஔவையாராக நடித்து, அந்தப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வாங்கிக்கொண்டார். இரண்டு பேருமே குழந்தைப் பிராயத்திலிருந்து ஊர் ஊராகப் போனவர்கள். அந்த இரண்டு பேருடைய பெயரும் ஒரே பாத்திரத்தில் போய் நிலைத்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ் மனத்தில் வழியில் தனியே நடக்க உரிமை பெற்ற பெண் ஒருத்திதான் உண்டு. அவள் ஔவை. அந்த உரிமைக்காக அவள் பிள்ளையாரிடம் கேட்டது என்ன? முதுமை. இளமையோடு வழியில் இறங்க முடியாது, இறங்கினால் கல்யாணத்துக்குள் பிடித்துப் போடுவார்கள், அல்லது வேறு பெயர் சொல்வார்கள். உடம்பைக் கொடுத்துவிட்டு வழியை வாங்கிக்கொண்டாள். இந்தக் கதையைப் பக்திக் கதையாகச் சொல்லிச் சொல்லி, அதிலுள்ள பேரத்தைக் கவனிக்காமல் விட்டோம். சுந்தராம்பாளின் வெள்ளைப் புடவையை நாம் கற்பின் சின்னமாகவே கொண்டாடினோம். அது அவருடைய துக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் புடவை இல்லாமல் இதே சமூகம் அவரை 1951-ல் சட்ட மேலவையில் உட்கார வைத்திருக்குமா என்ற கேள்வியும் கேட்கப்பட வேண்டியதுதான்.

மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடக நடிகைகளுடன் பழகி எழுதிய சூசன் சைஸர் என்ற அமெரிக்க மானிடவியல் ஆய்வாளரின் புத்தகம் 2005-ல் வந்தது. தமிழ் மேடையின் மீது ஒட்டிய களங்கம் பற்றியது. அதில் என்னை நிறுத்தியது நாடகம் பற்றிய பகுதி அல்ல, நடிகைகள் பிரயாணம் செய்யும் விதம் பற்றியது. எங்கே நிற்பது, எப்படி உட்காருவது, யாரோடு போவது, எப்படிப் பிறர் கண்ணில் படாமல் இருப்பது என்று ஒவ்வொன்றிலும் அவர்கள் ஒரு வீட்டை வழியிலேயே கட்டி, அதற்குள் இருந்தபடி போகிறார்கள். அதைப் படித்தபோதுதான் எனக்கு அந்த விடியற்காலை திரும்ப வந்தது. தோளை மூடிய அந்தச் சேலைத் தலைப்பை நான் களைப்பு என்று நினைத்திருந்தேன், குளிர் என்றும் நினைத்திருந்தேன். அது சுவர். இரவில் ஊரே பார்க்க நாரதரை மடக்கிய ஒருத்தி, விடிந்ததும் ஒரு முழத் துணியால் தனக்குச் சுவர் எழுப்பிக்கொண்டு நின்றாள். அவள் நடித்ததிலேயே கஷ்டமான பார்ட் அதுதானோ என்னவோ. அதற்கு அச்சாரமும் கிடையாது.

*

கடைசியாக எங்களைப் பற்றி, அதாவது சிறுபத்திரிகைக்காரர்களைப் பற்றி. எழுபதுகளில் நாம் நவீன நாடகத்துக்கு வேர் தேடினோம். 1977-ல் கூத்துப்பட்டறை வந்தது. ந. முத்துசாமி புரிசைக்குப் போனார், தெருக்கூத்தைக் கண்டார், நம்மையும் காணச் செய்தார். அது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே நேரத்தில் நம் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடந்துகொண்டிருந்த இசை நாடகத்தைக் கடந்துதான் புரிசைக்குப் போனோம். ஏன்? கூத்து ஒரு மண்ணைச் சேர்ந்தது, சடங்கோடு ஒட்டியது, தொன்மையானது. இசை நாடகமோ பார்ஸி கம்பெனிப் படுதாவும், ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியமும், கர்நாடக ராகமும், இந்துஸ்தானி மெட்டும், பின்னால் சினிமாப் பாட்டும் சேர்ந்த கலவை. வழியில் கிடைத்ததையெல்லாம் ஏற்றிக்கொண்ட வண்டி. நமக்கு வேர் வேண்டியிருந்தது. அதற்கு வேர் இல்லை, சக்கரம்தான் இருந்தது. நமது அழகியல் தேர்வு என்று நாம் நினைத்ததில், வழியில் போகிறவர்களைத் திண்ணையில் ஏற்றாத ஊர்க்காரனின் புத்தியும் கொஞ்சம் இருந்தது என்று இப்போது சந்தேகப்படுகிறேன். கடைக்காரர் சொன்ன ‘அக்கட்டால போய் நில்லு’வைத்தான் நானும் நாலு பக்கத்தில், விமர்சன பாஷையில், எழுதியிருந்தேன்.

இதனால் ‘வள்ளி திருமணம்’ மகத்தான நாடகம் ஆகிவிடாது. அதில் அலுப்பான ஒரு மணி நேரம் உண்டு, மலிவான சிரிப்பு உண்டு, பபூன் பேச்சில் பெண்களைக் கேவலப்படுத்துவது உண்டு. அவற்றையெல்லாம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்கிறவன் இரவு முழுவதும் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும், விடிந்த பிறகும் கொஞ்ச நேரம் இருந்து, பஸ் வரும்வரை பார்த்திருக்க வேண்டும். நான் இரவை மட்டும் வைத்து எழுதினேன். அதையும் தப்பாக எழுதினேன்.

அன்று ஈரோட்டு பஸ் வந்தபோது அவள் பெட்டியை முதலில் படியில் ஏற்றினாள். கண்டக்டர் லக்கேஜ் என்றார். அவள் சில்லறையை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் தகப்பனார், “பாட்டு நல்லாப் பாடுனா” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை.